வெந்நீர் ஏன் சீக்கிரம் ஆறுகிறது? அறிகுறியை வைத்துக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

வெந்நீர்த் தொட்டிக்கும் பைப்புக்கும் உறை போடுவது ஒரு மதியத்தில் முடிகிற வேலை. எங்கே போட வேண்டும் என்று கண்டுபிடிப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நானும் விட்டேன். கைக்கு எட்டிய நீளமான பைப் முழுவதற்கும் அழகாக உறை மாட்டிவிட்டு, தொட்டியின் தலையில் இருந்த வால்வையும் அதை ஒட்டிய ஒரு முழப் பைப்பையும் அப்படியே விட்டுவிட்டேன். இரவில் சூடு போனதெல்லாம் அந்த ஒரு முழத்தில்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் இதைப் பொருளில் தொடங்காமல் அறிகுறியில் தொடங்கி எழுதுகிறேன். உங்கள் வீட்டுத் தொல்லை எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் தாண்டிவிடாதீர்கள்.

தொடங்கும் முன்: கையும் கடிகாரமும்

உறை எதையும் சூடாக்காது. சூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஆகவே சூடு எங்கே, எவ்வளவு வெளியேறுகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எவ்வளவு என்பதற்கு ஓர் இரவுச் சோதனை போதும். படுக்கப் போகுமுன் ஹீட்டர் முழுச் சூட்டில் தானாக நிற்கும்வரை விடுங்கள். பக்கத்துக் குழாயைத் திறந்து, பைப்பில் தேங்கியிருந்த தண்ணீர் போய் சூடு நிலைத்ததும் ஒரு கிண்ணத்தில் பிடித்து தர்மாமீட்டரால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஹீட்டரின் சுவிட்சை அணைத்துவிட்டு, யாரும் வெந்நீர் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் அதே குழாயில் அதேபோல அளக்க வேண்டும். இரண்டு முறையும் ஒன்றிரண்டு லிட்டருக்கு மேல் எடுக்க வேண்டாம். எடுக்கிற அளவுக்குப் பச்சைத் தண்ணீர் தொட்டிக்குள் வந்து கணக்கைக் கெடுக்கும்.

இனி கணக்கு. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட்-மணி வேண்டும். ஆறும்போதும் அதே அளவுதான் போகிறது. 100 லிட்டர் தொட்டி, 10 மணி நேரத்தில் 60 டிகிரியிலிருந்து 52-க்கு இறங்கியது என்று வைத்துக்கொள்வோம். 100 × 8 × 1.163 என்றால் 930 வாட்-மணி, அதாவது ஏறக்குறைய ஒரு யூனிட். ஹீட்டரை நாள் முழுக்க எரியவிடும் வீட்டில் இதே வேகத்தில் ஒரு நாளைக்கு 2.2 யூனிட்டுக்குக் குறையாமல் போகிறது, ஒரு சொட்டு வெந்நீர்கூட எடுக்காமல். தொட்டியின் மேல்பகுதி கடைசியாகத்தான் ஆறும் என்பதால் குழாயில் அளப்பது கொஞ்சம் கஞ்சத்தனமான கணக்கு. உண்மையான இழப்பு இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும்.

எங்கே என்பதற்குக் கை போதும். யாரும் வெந்நீர் எடுத்து இரண்டு மணி நேரம் ஆனபிறகு தொட்டி, வால்வுகள், பைப்புகள் என வரிசையாகத் தொட்டுப் பாருங்கள். சட்டென்று அழுத்திப் பிடிக்க வேண்டாம். 60 டிகிரித் தண்ணீர் ஓடும் செம்புப் பைப் தோலைப் பொசுக்கிவிடும். முதலில் கையை அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, புறங்கையால் லேசாகத் தொடுங்கள். இந்நேரம் ஆறியிருக்க வேண்டிய இடம் சூடாக இருந்தால் அங்கே ஒரு குறி போடுங்கள்.

மின்சார ஹீட்டரின் மூடியைத் திறக்க வேண்டிய எந்த வேலையையும் மெயினை அணைத்த பிறகே தொடங்குங்கள். ஹீட்டரின் சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம்.

இரவில் கொதித்த தண்ணீர் காலையில் வெதுவெதுப்பு

தொட்டியின் உடம்பைத் தொடுங்கள். இப்போது வரும் பெரும்பாலான தொட்டிகளில் உள் தொட்டிக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவில் பாலியூரித்தேன் நுரை அடைத்திருப்பார்கள். அந்த நுரை நன்றாக இருந்தால் வெளித்தகடு அறைக் காற்றின் சூட்டிலேயே இருக்கும், மிஞ்சிப்போனால் லேசான இளஞ்சூடு. அப்படியென்றால் மேலே ஒரு போர்வை போட்டுப் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. பணத்தையும் நேரத்தையும் பைப்பில் செலவிடுங்கள்.

தகடு முழுவதும் சீராக வெதுவெதுப்பாக இருந்தால் நுரை மெல்லியது அல்லது பழையது. போர்வை போட்டால் பலன் தெரியும் தொட்டி இதுதான். அமெரிக்க எரிசக்தித் துறை சொல்லும் கணக்குப்படி, இன்சுலேஷன் குறைவான தொட்டிக்குப் போர்வை போட்டால் சும்மா நிற்கும்போது ஏற்படும் இழப்பு 25 முதல் 45 சதவீதம் குறையும். வெந்நீர்ச் செலவில் அது 7 முதல் 16 சதவீதம் ஆகும். இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாட்டை நினைவில் வையுங்கள். கடைசிப் பகுதியில் தேவைப்படும்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் சூடு, மற்ற இடமெல்லாம் குளிர்ச்சி என்றால் கதை வேறு. அந்த இடத்தில் நுரை சரியாக நிரம்பாமல் இருக்கலாம். அல்லது உள் தொட்டி கசிந்து நுரை ஊறியிருக்கலாம். அடிப்பக்கம் சூடு, கூடவே தகட்டின் விளிம்பில் துருக்கறை என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான். அதன்மேல் போர்வை போடுவது புண்ணை மூடி வைப்பது மாதிரி. தொட்டியைக் கழற்றிப் பார்க்க ஆளைக் கூப்பிடுங்கள்.

தகடு குளிர்ச்சியாக இருந்தும் காலையில் தண்ணீர் ஆறிவிடுகிறதா? சூடு தொட்டி வழியாகப் போகவில்லை. ஒன்று மேலே போகும் பைப் வழியாகப் போகிறது, இல்லாவிட்டால் எங்கோ ஒழுகும் வெந்நீர்க் குழாய் வழியாகப் போகிறது. இரண்டும் கீழே வருகின்றன.

போர்வை வாங்குவது என்று முடிவானால் அதற்கென்றே விற்கும் கண்ணாடி இழைப் போர்வை, அதாவது கிளாஸ் வுல், நல்லது. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொள்ளுங்கள். இழை தோலில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும். சுற்றும்போது இறுக்கிக் கட்டாதீர்கள். சூட்டைத் தடுப்பது இழைகளுக்கு நடுவில் அசையாமல் நிற்கும் காற்றுதான். கயிறு போட்டு நசுக்கினால் அந்தக் காற்று போய்விடும், பாதி தடிமனுக்குத்தான் பலன் மிஞ்சும். பழைய கம்பளியும் துணியும் சுற்றுகிறவர்கள் உண்டு. மின்சாரம், சூடு, ஈரம் மூன்றும் சேரும் இடத்தில் அது தீப்பிடிக்கவும் பூஞ்சை பிடிக்கவும் வழி. வேண்டாம்.

தொட்டியிலிருந்து மேலே போகும் பைப் எந்நேரமும் சூடு

பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். குழாய் மூடியிருந்தால் தண்ணீர் அசையாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. சூடான தண்ணீர் லேசானது. தொட்டியின் தலையிலிருந்து நேராக மேலே போகும் பைப்பில், வெந்நீர் நடுவில் ஏறும், பைப் சுவரோரம் ஆறி, அதே பைப்பிலேயே கீழே இறங்கும். எல்லாக் குழாயும் மூடியிருக்கும்போதே விடிய விடிய இந்த ஓட்டம் நடக்கும். பைப், தொட்டியின் சூட்டைக் காற்றில் கலக்கும் துடுப்பாகிவிடுகிறது.

சோதனை இப்படி: இரண்டு மணி நேரம் வெந்நீர் எடுக்காமல் விட்டு, தொட்டிக்கு மேலே ஒரு சாண், ஒரு முழம், ஒரு மீட்டர் எனத் தொட்டுக்கொண்டே போங்கள். செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும் என்பதால் முதல் ஒரு சாணில் சூடு இருப்பது இயல்பு. ஒரு மீட்டர் தாண்டியும் சூடு இறங்கவில்லையென்றால் உள்ளே ஓட்டம் நடக்கிறது. பிளாஸ்டிக் பைப் சூட்டைச் சரியாகக் கடத்தாது, எனவே அதில் அரை மீட்டர் தள்ளிச் சூடு தெரிந்தாலே சந்தேகப்படலாம்.

இதற்கு உறை பாதி மருந்துதான். ஓட்டத்தையே நிறுத்துவது முழு மருந்து. தொட்டியிலிருந்து வெளியே வந்ததும் பைப் ஒரு சாண் கீழே இறங்கி, அப்புறம் மேலே ஏறும்படி வளைத்துவிட்டால் போதும். கீழே இறங்கும் அந்த வளைவுக்குள் லேசான வெந்நீர் தானாக நுழையாது. குழாயைத் திறந்தால் மட்டும் அழுத்தத்தில் வரும். தொட்டியின் வாயிலேயே மாட்டும் வெப்பத் தடுப்பு நிப்பிளும் கிடைக்கிறது. உள்ளே ஒரு சிறு பந்தோ மடலோ இருக்கும். எனக்குப் பைப் வளைவுதான் பிடிக்கும், அதில் கெட்டுப்போகவோ கடகடவென்று சத்தம் போடவோ எதுவும் இல்லை. புதிதாகப் பைப் போடும்போதே பிளம்பரிடம் சொன்னால் இரண்டு எல்போ, அதாவது வளைவு மூட்டு, கூடுதலாகச் செலவாகும். சுவருக்குள் புதைத்த பிறகு சொன்னால் சண்டைதான் வரும்.

வளைவு போட வழியில்லையென்றால், அந்த முதல் இரண்டு மீட்டருக்கு நல்ல தடிமனான உறை போடுங்கள். பைப்பின் வெளி விட்டம் எவ்வளவோ அந்த அளவு தடிமன் என்பது வீட்டு வேலைக்குப் போதுமான கணக்கு. 22 மில்லிமீட்டர் செம்புப் பைப் 60 டிகிரியில், அறை 20 டிகிரியில் இருந்தால், மீட்டருக்குச் சுமார் 30 வாட் வெளியே போகும். 20 மில்லிமீட்டர் உறை போட்டால் அது 8 வாட் அளவுக்கு இறங்கும். அதற்குமேல் இன்னொரு 20 போட்டால் பாதியாகக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள், முதல் அடுக்கு செய்ததில் ஒரு சிறு பங்குதான் இரண்டாவது செய்யும்.

வால்வு, யூனியன் (கழற்றி மாட்டும் மூட்டு), எல்போ மூன்றையும் விட்டுவிட்டு நேர்ப் பைப்புக்கு மட்டும் உறை போடுவதுதான் வழக்கம், ஏனென்றால் அதுதான் சுலபம். ஒரு வால்வின் உலோக உடம்பு அதே அளவு பைப்பைவிடப் பரப்பு கூடியது. அங்கே உறைத் துண்டை வாய் வெட்டி வைத்து ஒட்டு டேப் சுற்றுங்கள். கைப்பிடி மட்டும் வெளியே தெரிந்தால் போதும். எல்போவில் உறையை 45 டிகிரியில் வெட்டி, இரண்டு வாயையும் பசை போட்டுச் சேர்க்க வேண்டும். வளைத்துத் திணித்தால் உள்வளைவில் நசுங்கும், வெளிவளைவில் வாய் பிளக்கும்.

குழாயைத் திறந்து வெகுநேரம் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது

இதில் கொஞ்சம் ஏமாற்றம் உண்டு, முன்பே சொல்லிவிடுகிறேன். காலையில் முதல் தடவை திறக்கும்போது காத்திருக்க வேண்டிய நேரத்தை உறை குறைக்காது. இரவு முழுக்க நின்ற பைப், உறைக்குள் இருந்தாலும் ஆறித்தான் இருக்கும். உறையால் வரும் லாபம் இரண்டாவது, மூன்றாவது தடவைகளில். உறையில்லாத செம்புப் பைப்பில் நிற்கும் வெந்நீர் பதினைந்து, இருபது நிமிடத்தில் பாதிச் சூட்டை இழந்துவிடும். நல்ல உறை போட்டால் அதுவே அரை மணியிலிருந்து ஒரு மணிக்கு மேல்கூட இழுக்கும். ஒருவர் குளித்து அரை மணி கழித்து அடுத்தவர் போகும் வீட்டில் வேறுபாடு நன்றாகத் தெரியும். காலையில் ஒரு தடவை, இரவில் ஒரு தடவை மட்டும் திறக்கும் குழாய்க்கு அந்தப் பைப் முழுக்க உறை போடுவது வீண் வேலை.

எவ்வளவு நேரம் நியாயம் என்று முதலில் கணக்குப் பாருங்கள். உள் விட்டம் 15 மில்லிமீட்டர் பைப் 10 மீட்டர் நீளத்தில் ஏறக்குறைய 1.8 லிட்டர் பிடிக்கும். 20 மில்லிமீட்டர் என்றால் 3.1 லிட்டர், 25 என்றால் 4.9 லிட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர் வரும் குழாயில் அவை முறையே 18, 31, 49 நொடிகள். பைப் உலோகமும் சூடேற வேண்டும் என்பதால் இதில் ஒன்றரை மடங்குவரை ஆவது இயல்பு. தேவைக்கு மேல் பெரிய பைப் போட்டிருப்பதுதான் பல வீடுகளில் உண்மையான குற்றவாளி என்பது இந்த எண்களிலேயே தெரிகிறது. அதற்கு உறை மருந்தல்ல.

கணக்கைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் ஆனால் பைப் ஈரமண்ணிலோ ஈரச்சுவரிலோ புதைந்து ஓடுகிறதா என்று பாருங்கள். ஈரம் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். புதைக்கும் பைப்புக்கு உறை போட்டு, அதன்மேல் தண்ணீர் இறங்காத வெளிக்குழாய் ஒன்றும் போட வேண்டும். இல்லாவிட்டால் உறையே ஈரம் குடித்துப் படுத்துவிடும்.

உடனடி ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் தேக்கி வைக்கும் தொட்டி இல்லை, எனவே சுற்றிக்கட்ட எதுவும் இல்லை. அதன் உடம்பின்மேல் எதையும் போர்த்தாதீர்கள். பற்றவைத்துச் சூடேற அது எடுத்துக்கொள்ளும் சில நொடிகளையும் உறையால் குறைக்க முடியாது.

வெந்நீர் நன்றாகச் சூடாக வருகிறது, ஆனால் சட்டென்று தீர்ந்துவிடுகிறது

இது இன்சுலேஷன் தொல்லையே அல்ல. தொட்டிக்குள் பச்சைத் தண்ணீரை அடிவரை கொண்டுபோய் விடும் உள்குழாய் உடைந்திருந்தால், அது மேலேயே கலந்து எல்லாவற்றையும் வெதுவெதுப்பாக்கிவிடும். இரண்டு எலிமென்ட் உள்ள தொட்டியில் கீழ் எலிமென்ட் போயிருந்தாலும் இதே அறிகுறிதான். உப்புத் தண்ணீர் என்றால் அடியில் படிந்த உப்பு தொட்டியின் கொள்ளளவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கலாம். சூடேறும்போது கரகரவென்று சத்தம் வந்தால் அதுதான். போர்வை வாங்காதீர்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பச்சைத் தண்ணீர்க் குழாயில் சூடு வருகிறது

திறந்த சில நொடிகள் மட்டும் சூடு, அப்புறம் சரியாகிவிடுகிறது என்றால், தொட்டிக்குள் போகும் பைப் வழியாகச் சூடு பின்னோக்கி ஏறுகிறது. தொட்டியிலிருந்து முதல் ஒரு மீட்டருக்கு அந்தப் பைப்புக்கும் உறை போடுங்கள். பச்சைத் தண்ணீர்ப் பைப்புக்கு எதற்கு உறை என்று கேட்கும் பிளம்பர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சூடு நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எங்கோ இரண்டு லைனும் கலக்கின்றன. ஹீட்டருக்குப் போகும் பச்சைத் தண்ணீர் வால்வை மூடிவிட்டு ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். அழுத்தம் இறங்கி கொஞ்ச நேரத்தில் நின்றுவிட வேண்டும். விடாமல் கொட்டினால், ஒற்றைக் கைப்பிடிக் குழாய் அல்லது ஷவர் மிக்ஸர் ஒன்றின் உள்கட்டை தேய்ந்து, பச்சைத் தண்ணீர் வெந்நீர் லைனுக்குள் நுழைகிறது என்று அர்த்தம். ஒவ்வொரு மிக்ஸரின் அடியிலும் உள்ள கோண வால்வை மூடிக்கொண்டே வந்தால் எது என்று பிடிபடும். ஒன்று சொல்ல வேண்டும்: மேல்மாடித் தொட்டியிலிருந்து நேராக இறங்கும் லைனில், ஹீட்டருக்கென்று திறந்த காற்றுக்குழாய் இருந்தால், வால்வை மூடிய பிறகும் அதில் நிற்கும் தண்ணீர் சிறிது நேரம் வடியும். அதைக் கலப்பு என்று எண்ணிவிட வேண்டாம். இந்தச் சோதனை முழுக்க ஹீட்டர் அணைந்திருக்கட்டும்.

சோலார்: மாலையில் கை வைக்க முடியாத சூடு, காலையில் இல்லை

சூரியன் தந்ததை இரவு வானம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. பகலில் வெயிலை வாங்கும் பலகையில் சூடான தண்ணீர் தானாக மேலேறித் தொட்டிக்குப் போகிறது அல்லவா? தொட்டி போதிய உயரத்தில் இல்லாவிட்டால் இரவில் அதே ஓட்டம் தலைகீழாகும். பலகை குளிர்ந்து, அதிலுள்ள கனத்த தண்ணீர் கீழே இறங்கி, தொட்டியின் வெந்நீரைப் பலகைக்குள் இழுக்கும். விடிவதற்கு முன் மொட்டை மாடிக்குப் போய், பலகையின் மேல் முனையிலிருந்து தொட்டிக்குப் போகும் பைப்பைத் தொடுங்கள். அந்த நேரத்தில் அது குளிர்ந்திருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் பிடிபட்டது. தொட்டியின் அடி, பலகையின் தலைக்கு மேல் குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். உயர்த்த முடியாவிட்டால், தானோட்டத்துக்கென்றே செய்த, மிக லேசாகத் திறக்கும் செக் வால்வு, அதாவது தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு, போட வேண்டும். சாதாரண செக் வால்வு போட்டால் பகல் ஓட்டத்தையும் சேர்த்து அடைத்துவிடும்.

கண்ணாடிக் குழல்கள் நேராகத் தொட்டிக்குள் செருகிய வகையில் இந்தப் பைப்பே கிடையாது. அங்கே குழல்களைப் பாருங்கள். ஒவ்வொரு குழலின் அடி முனையிலும் கண்ணாடி போலப் பளபளக்கும் வெள்ளிப்பூச்சு இருக்கும். அது பேரியப் பூச்சு. உள்ளே காற்று புகுந்தால் வெளுத்துப்போகும். அடி வெளுத்த குழலில் வெற்றிடம் இல்லை, அதாவது அந்தக் குழலுக்கு இன்சுலேஷனே இல்லை. வெயிலில் மற்றக் குழல்கள் தொடுவதற்குச் சாதாரணமாக இருக்க, அது மட்டும் சுடும். அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதும்.

மாடியில் ஓடும் பைப் உறைக்கு வெயிலே எதிரி. கறுப்பு ஃபோம் உறை ஒன்றிரண்டு கோடைக்குள் பொறுக்குத் தட்டி உதிரத் தொடங்கும். பறவையும் அணிலும் கூடு கட்டப் பிய்த்துக்கொண்டு போகும். அலுமினியத் தகடோ வெயில் தாங்கும் பூச்சோ மேலே இருக்க வேண்டும். உறையின் பிளவுவாய் கீழ்நோக்கி இருக்கட்டும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்காது.

உறை உருகிச் சுருங்கிவிட்டது

தப்பான இடத்தில் தப்பான பொருள். பாலிஎத்திலீன் ஃபோம் 90, 100 டிகிரிவரைதான் தாங்கும். தொட்டிக்கும் குழாய்க்கும் நடுவில் அது தாராளம். ஆனால் வெந்நீர் எடுக்காத வெயில் நாளில் சோலார் பலகையின் வெளிவாய் அதைத் தாண்டிப் போய்விடும். அங்கே ஈபிடிஎம் ரப்பர் உறையோ, தகடு போர்த்திய கிளாஸ் வுல்லோ போடுங்கள். கேஸ் ஹீட்டரின் புகைக்குழாய்க்குப் பக்கத்திலும் ஃபோம் வேண்டாம். குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியே நிறுத்துங்கள்.

உறை ஈரமாக இருக்கிறது

ஈரமான கிளாஸ் வுல் இன்சுலேஷனே அல்ல. தண்ணீர் சூட்டைக் கடத்தும் திறன் காய்ந்த இழையைப் போல 15 மடங்கு. கழற்றுங்கள், பைப்பைத் துடையுங்கள், காகிதக் கைக்குட்டையைச் சுற்றி ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். வெந்நீர்ப் பைப்பில் ஈரம் என்றால் கசிவுதான், வேறு காரணம் தேட வேண்டாம். தண்ணீர் உறைக்குள்ளேயே வழிந்து தூரத்தில் போய்ச் சொட்டும், எனவே ஈரம் தெரியும் மிக உயரமான இடத்தில்தான் மூட்டைப் பாருங்கள். பச்சைத் தண்ணீர்ப் பைப்பில் காகிதம் முழுக்கச் சீராக நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம் படிந்த வியர்வை. உறையின் வாய்கள் சரியாக ஒட்டப்படவில்லை, காற்று உள்ளே போகிறது. பசை போட்டு, பிளவுவாய் முழுக்க ஒட்டு டேப் ஓட்டி அடையுங்கள். இரும்புப் பைப்பில் இதைச் சும்மா விட்டால் கண்ணுக்குத் தெரியாமலே துரு தின்றுவிடும்.

போர்வை போட்ட பிறகு வந்த தொல்லைகள்

கேஸ் ஹீட்டரில் சுடர் மஞ்சளாகிறது, புகைக்கரி படிகிறது, அறையில் தலை கனக்கிறது: இந்த மூன்றில் எது தெரிந்தாலும் கேஸை மூடுங்கள், ஜன்னலைத் திறங்கள், எல்லாரும் வெளியே வாருங்கள், பிறகு மற்றது. அடியில் காற்று நுழையும் வழியையோ தலையில் புகை போகும் வழியையோ போர்வை அடைத்திருக்கிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கேஸ் தொட்டியின் தலையையும் அடியையும் ஒருபோதும் மூடக்கூடாது. பக்கவாட்டில் சுற்றுவதையும் பழக்கப்பட்டவர் செய்வதே நல்லது.

மின்சார ஹீட்டர் தானாக வெட்டிக்கொள்கிறது என்றால், தெர்மோஸ்டாட் மூடியும் வயர் நுழையும் இடமும் போர்வைக்குள் போய்விட்டனவா என்று பாருங்கள். அங்கே சூடு தேங்கினால் பாதுகாப்பு வெட்டு வேலை செய்யும், வயரின் மேல்தோலும் இளகும். அந்த இடங்களில் போர்வையைச் சதுரமாக வெட்டித் திறந்துவிடுங்கள். திறந்தபிறகும் வெட்டினால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரீசெட் பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்கிக்கொண்டிருக்காதீர்கள். சில கம்பெனிகள் தங்கள் தொட்டிக்குப் போர்வையே கூடாது என்று கையேட்டில் போட்டிருக்கும். அதையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது என்று போர்வையைக் குறை சொல்லுவார்கள். 100 லிட்டர் தண்ணீர் 20-லிருந்து 60 டிகிரிக்குப் போகும்போது ஒன்றரை லிட்டர் பெருகும். இப்படிப் பெருகும் தண்ணீரை வாங்கிக்கொள்ளும் விரிவுத் தொட்டி இல்லாத லைனில் செக் வால்வும் இருந்தால் அந்தத் தண்ணீருக்குப் போக வேறு வழியில்லை. சூடேறும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. எந்நேரமும் சொட்டினால் லைன் அழுத்தத்தையும் வால்வில் சிக்கிய தூசியையும் பாருங்கள். அதன் வாயை அடைப்பது, அதன்மேல் போர்வையை இழுத்து மூடுவது இரண்டும் உயிரோடு விளையாடுவது.

எல்லாம் போட்டாயிற்று, பில் மட்டும் குறையவில்லை

நாலு பேர், ஆளுக்கு எட்டு நிமிட ஷவர், நிமிடத்துக்கு எட்டு லிட்டர், 25 டிகிரித் தண்ணீரை 40 ஆக்கிக் குளிக்கிறார்கள் என்று வைப்போம். அதற்கு மட்டும் நாளுக்கு நாலரை யூனிட். தொட்டி இழப்பு 2.2 யூனிட். போர்வையால் இழப்பு கிட்டத்தட்டப் பாதியானாலும் மொத்தம் 6.7 என்பது 5.7 ஆகும், அதாவது 15 சதவீதம். மேலே சொன்ன இரண்டு எண்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். வீட்டு மின்சாரக் கட்டணத்தில் மற்ற விளக்கும் விசிறியும் சேரும்போது இந்த ஒரு யூனிட் கண்ணிலேயே படாமல் போகலாம். பில்லைப் பார்க்காதீர்கள், இரவுச் சோதனையைத் திரும்பச் செய்து பாருங்கள். முன்பு 8 டிகிரி இறங்கியது இப்போது 4 அல்லது 5 என்றால் வேலை பலித்தது.

சோதனையிலும் மாற்றமில்லை என்றால் தெர்மோஸ்டாட்டைப் பாருங்கள். அறை 25 டிகிரியாக இருக்க, 75-இல் வைத்த தொட்டி 60-இல் வைத்ததைவிட 40 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இழக்கும். இறக்குங்கள், ஆனால் தேக்கி வைக்கும் தொட்டியை 60-க்குக் கீழே கொண்டுபோக வேண்டாம். 20 முதல் 45 டிகிரிவரை லெஜியோனெல்லா என்ற கிருமி செழித்து வளரும். அதே சமயம் 60 டிகிரித் தண்ணீர் சில நொடிகளில் தோலைப் பொசுக்கும். குழந்தைகளும் வயதானவர்களும் உள்ள வீட்டில் குழாய்க்கு முன்னால் கலவை வால்வு போடுவதுதான் சரி.

வெந்நீரைச் சுற்றிக்கொண்டே இருக்கும் பம்ப் உள்ள வீட்டில் அதற்கு டைமர் போடுங்கள். அந்தச் சுற்று முழுவதும் ஒரு நீளமான தொட்டி மாதிரிதான். அணைத்து அணைத்துப் போட்டால் கூடுதலாகச் செலவாகும் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். குளிர்ந்த தொட்டி குறைவாகவே இழக்கும், எனவே அணைப்பதால் எப்போதும் மிச்சம்தான். நல்ல உறை போட்ட தொட்டியில் அந்த மிச்சம் சிறியது, அவ்வளவே.

கடைசியாக, ஒழுகும் வெந்நீர்க் குழாய். என் வீட்டில் பின்கட்டுக் குழாய் ஒன்று வெகுநாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது, பச்சைத் தண்ணீர் என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் கால்லிட்டர் டம்ளரை அடியில் வைத்துப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் நிரம்பியது. நாளுக்கு 36 லிட்டர். அதை 35 டிகிரி சூடாக்க ஒன்றரை யூனிட், போர்வை மிச்சம் பிடித்ததைவிட அரை யூனிட் அதிகம். வாஷர் மாற்றக் கால்மணி ஆயிற்று.